கிருஷ்ணகிரியிலிருந்து கச்சேரிக்கு: சௌடையா அரங்கமா, மியூசிக் அகாதெமியா?

பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். சென்னை 250-ஐத் தாண்டும். கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையமும் இல்லை, பஸ்தான். தூரத்தை மட்டும் பார்த்தால் பெங்களூரு மல்லேஸ்வரத்துச் சௌடையா நினைவு அரங்கமே வசதி. சாயங்காலக் கச்சேரி கேட்டுவிட்டு இரவே வீடு திரும்பலாம். வருஷம் முழுக்க அங்கே கர்நாடக இசை, இந்துஸ்தானி, நாடகம், நடனம் என்று ஏதாவது நடக்கும்.

கட்டடமே வயலின் வடிவம். தந்திகள், அவற்றை முறுக்கும் பிருடைகள் எல்லாம் உண்டு. மைக் பரவாத காலத்தில் நாதம் கடைசி வரிசை வரை எட்டுவதற்காக ஏழு தந்தி வயலின் வாசித்தவர் சௌடையா. அவருக்கு 1957-இல் சங்கீத கலாநிதி விருது தந்தது சென்னை மியூசிக் அகாதெமி.

அகாதெமியின் பலம் மார்கழி. 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டில் பிறந்த அமைப்பு அது. மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைப்பது சிரமம்தான். ஆனால் காலை விளக்க உரைகளை விட்டுவிடாதீர்கள்: ஒரே ராகத்தை வித்வான் பாடிப் பாடிப் பிரித்துக் காட்டுவார். பாட்டு கற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் டிசம்பரில் நாலு நாள் சென்னையில் தங்குங்கள். மற்ற மாதங்களுக்குச் சௌடையா போதும்.