ஏற்காடு இ-பாஸும் வாசலில் ஒட்டிய தாளும்

கொரோனா காலத்தில், 2020 செப்டம்பர் 1 முதல் தமிழகத்துக்குள் பயணம் செய்ய இ-பாஸ் (இணையவழி அனுமதிச்சீட்டு) தேவையில்லை என்று ஆன பிறகும், நீலகிரி, கொடைக்கானலைப் போல ஏற்காட்டிற்கு அது தேவைப்பட்டது. அந்த மாதம் சிங்கப்பூரிலிருந்து சேலத்திற்கு அம்மாவைப் பார்க்கச் சென்ற நான், தனிமைக்காலம் முடிந்ததும் மலைமேல் இருக்கும் அத்தை வீட்டிற்குச் செல்ல விண்ணப்பித்தேன். அனுமதி தாமதமின்றிக் கிடைத்தது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் வழியில் ஒரு சோதனைச் சாவடியில், பாஸில் இருந்த பெயர், அலைபேசி எண், வண்டி எண், தங்கும் முகவரி அனைத்தையும் ஊழியர் ஒரு நீள நோட்டில் மறுபடியும் எழுதினார். முன்னால் சென்ற குடும்பத்துப் பெண்களின் எண்கள்கூட வரிசையில் நிற்கும் எவரும் படிக்கும்படி அது மேசைமேல் விரிந்து கிடந்தது. "இந்த நோட்டு அப்புறம் எங்கங்க போகும்?" என்று கேட்டேன். "தெரியலைங்க சார், மேல கேட்டா குடுத்துருவோம்" என்றார். வெயிலில் நின்று கடமையைச் செய்த அந்த இளைஞர்மேல் தவறில்லை.

சேலம் வீட்டிலும் இதே கதைதான். வாசலில் என் பெயரும் தேதிகளும் எழுதி ஒட்டிய தாளை, காலம் முடிந்தும் எடுக்க யாரும் வரவில்லை; அம்மாவோடு எதிர்வீட்டார் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டாலொழியத் தொற்றாளர் வீடுகளில் இப்படி ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த டிசம்பர் 9 அன்றுதான்.

நோயைத் தடுக்கத் தகவல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. தொற்றைக் கண்காணிக்க இந்திய அரசு வெளியிட்ட ஆரோக்கிய சேது செயலிக்குக்கூட, திரட்டியதைப் பொதுவாக 180 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற நெறிமுறை 2020 மே மாதம் வந்தது. நோட்டுக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை.

கண்காணிப்பு தன் நோக்கத்தை விட்டு விலகினால் என்ன நடக்கும் என்பதை 2022 ஜூனில் சீனாவின் ஜெங்ஜோ நகரம் காட்டியது. வங்கியில் சேமிப்பு முடங்கிப்போன 1,317 பேரின் சுகாதாரக் குறியீட்டை (வெளியே நடமாட அலைபேசியில் காட்ட வேண்டிய தொற்று நிலைக் குறி) அதிகாரிகள் சிவப்பாக மாற்றி, அவர்களை நடமாட விடாமல் செய்தார்கள். நான் வாழும் சிங்கப்பூரிலும், தொற்றுத் தடமறிய மட்டுமே என்று சொல்லப்பட்ட டிரேஸ்டுகெதர் செயலியின் தரவைக் காவல்துறை பெற முடியும் என்பது 2021 ஜனவரியில்தான் நாடாளுமன்றத்தில் வெளிவந்தது. மக்கள் கொதித்த பின்னரே அதை ஏழு வகைக் கடுங்குற்றங்களோடு நிறுத்தும் சட்டம் பிறந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த நாடு நம்முடையது. அந்த நோட்டுகள் இப்போது யார் பொறுப்பில் உள்ளன, எப்போது அழிக்கப்படும் என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி என் தம்பி மனு அனுப்பியிருக்கிறான்.