அவுடெனார்டே சைக்கிள் மியூசியம் ரிவ்யூ: பேரு சொன்னா ஊரே திரும்பிப் பாக்கற சைக்கிள்காரங்க

பெல்ஜியம் போனா ப்ரூசல்ஸ், ப்ரூஜ், சாக்லேட், வாஃபிள்னு முடிச்சிட்டு வந்துடறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். கென்ட்ங்கற பெல்ஜியம் நகரத்துல இருந்து ட்ரெயின் ஏறினா அரை மணி நேரம் போல ஆகும், அவுடெனார்டேனு ஒரு சின்ன ஊர், அங்க மார்க்கெட் சதுக்கத்துல சென்ட்ரம் ரோன்டே வான் ஃப்லாண்டரன்னு ஒரு மியூசியம் இருக்கு. டூர் ஆஃப் ஃப்ளாண்டர்ஸ்ங்கற ஒரே ஒரு சைக்கிள் ரேஸுக்காக 2003ல தொறந்தது. அந்த ஊர்க்காரங்க அந்த ரேஸை ரோன்டேனுதான் சொல்றாங்க. என் மார்க் அஞ்சுக்கு அஞ்சு, ஏன்னு கீழ சொல்றேன்.

நம்ம பக்கம் யாரையாவது கூப்பிட்டு ஒரு ப்ரொஃபஷனல் சைக்கிள் வீரர் பேரு சொல்லுங்கனு கேட்டா பெரும்பாலும் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்னு ஒரே பேருதான் வரும், அதுவும் அவர் ஜெயிச்ச 7 டூர் டி ஃப்ரான்ஸ் பட்டத்தையும் ஊக்க மருந்து கேஸ்ல 2012ல பிடுங்கினதால ஞாபகம் இருக்கும், இன்னிக்கு உலகத்துலயே பெரிய ஆளான பொகாச்சர் பேரைச் சொன்னா யாரு அதுனு கேப்பாங்க. ஃப்ளாண்டர்ஸ்ல, அதாவது இந்த ஊர் இருக்கற வடக்கு பெல்ஜியப் பகுதில, கதையே வேற. அங்க பேக்கரில ரொட்டி குடுக்கற பாட்டிம்மாவுக்குக் கூட பெல்ஜியம் வீரர் வவுட் வான் ஆர்ட்டுக்கு இந்த சீசன் எப்படிப் போகுதுனு தெரியும், பேரை முழுசா கூட சொல்ல மாட்டாங்க, வெறும் வவுட்தான். சேப்பாக்கத்துல தோனி பேட்டை தூக்கிட்டு எறங்கறப்ப வர்ற சத்தம் இருக்கே, அதை அங்க ஒரு குட்டி மேட்டு ரோட்டுல சைக்கிள்காரனுக்கு கேக்கலாம். இந்தப் புகழ் எங்கேர்ந்து வந்துச்சுனு புரியணும்னா இந்த மியூசியத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

உள்ள பழைய சைக்கிள், ஜெர்சி, ஃபோட்டோ, படம்னு நெறைய இருக்கு. என்னைய ரொம்ப நேரம் நிக்க வெச்சது பழைய ஃபோட்டோங்கதான். தலையில ஒரு துணித் தொப்பி, மூஞ்சி பூரா சேறு, கண்ணு மட்டும் வெள்ளையா தெரியும். ப்ரீக் ஸ்கோட்டேனு ஒருத்தர், 1942லயும் 1948லயும் ரோன்டே ஜெயிச்சவர், தொடர்ந்து 20 தடவை இந்த ரேஸ்ல ஓட்டினவர், 2004ல ரோன்டே நடந்த அதே ஞாயித்துக்கிழமையே இறந்தும் போனார், அந்த ஊர் ஜனங்க அதை இன்னும் சொல்லிச் சொல்லி நெகிழறாங்க. இத்தாலிக்காரர் மாக்னி 1949, 50, 51னு மூணு வருஷம் வரிசையா ஜெயிச்சப்ப வெளியூர்க்காரன்னு ஒதுக்காம ஃப்ளாண்டர்ஸ் சிங்கம்னு பட்டமே குடுத்திருக்காங்க. பெல்ஜியம்காரர் எடி மெர்க்ஸ் 1969ல 70 கிலோமீட்டர் பாக்கி இருக்கறப்பவே தனியா பிச்சிக்கிட்டுப் போய், ரெண்டாவது வந்த ஜிமோன்டிய விட அஞ்சரை நிமிஷத்துக்கும் மேல முன்னாடி வந்து சேந்தார், மழையில, எதிர்க்காத்துல.

அந்த ஃபோட்டோவையெல்லாம் பாத்துட்டு இன்னிக்கு டிவில ஓடற ரேஸை நினைச்சா ஒரு விஷயம் பளிச்னு புரியுது. இப்ப ஹெல்மெட், பெரிய கூலிங் கிளாஸ், முழு கூட்டமும் ஒரே மாதிரி, மூஞ்சியே தெரியாது. ஹெல்மெட் வேணாம்னு நான் சொல்லல, 2003ல கிவிலெவ்ங்கற வீரர் பாரிஸ்-நீஸ் ரேஸ்ல விழுந்து செத்ததுக்கப்புறம்தான் கட்டாயமாக்கினாங்க, அது சரியான முடிவு. ஆனா வெளி ஜனங்க மனசுல ஒரு மூஞ்சி பதியற வாய்ப்பு அதுல கொஞ்சம் போயிடுச்சு. இன்னொண்ணு டீம் பேரு. ஸ்பான்சர் மாறினா பேரும் மாறிடும், ஸ்கைனு இருந்தது 2019ல இனியோஸ் ஆச்சு, யும்போ-விஸ்மா அடுத்து விஸ்மா-லீஸ் எ பைக் ஆச்சு, அப்பப்ப எட்டிப் பாக்கற ஒருத்தன் எதைப் பிடிச்சுக்கிட்டு ரசிகனா இருப்பான் சொல்லுங்க. ஃப்ளாண்டர்ஸ்ல ஜனங்க அதனாலதான் டீமை விட ஆளையே பிடிச்சுக்கறாங்க, அவர் சொந்த ஊர்ல அவருக்குனு ஒரு சப்போர்ட்டர்ஸ் கிளப், அதுக்குனு ஒரு கஃபே, ரேஸ் அன்னிக்கு பஸ் புடிச்சுக் கூட்டமா போறதுனு.

இந்த மியூசியத்துக்கு இன்னொரு பெருமை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதான். ஃப்ரெடி மார்டென்ஸ், 1976லயும் 1981லயும் உலக சாம்பியன், 1976 டூர் டி ஃப்ரான்ஸ்ல மட்டும் 8 ஸ்டேஜ் (பல நாள் ரேஸ்ல ஒரு நாள் ஓட்டம்) ஜெயிச்சவர், அவர் பல வருஷம் இங்க வேலை பாத்திருக்கார், வர்றவங்களைக் கூட்டிட்டுப் போய் சுத்திக் காட்டியிருக்கார். இந்தப் புகழ்ல ஒரு தனி நெருக்கம் இருக்கு. ரேஸுக்கு டிக்கெட் கிடையாது, ரோட்டோரம் நின்னா உலக சாம்பியன் கையெட்டற தூரத்துல மூச்சு வாங்கிக்கிட்டே போவார், வேற எந்தப் பெரிய விளையாட்டுல இது கெடைக்கும்?

ஆனா மத்த நாட்டுல பாத்தா ஜெயிக்கறதுக்கும் புகழுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரிதான் இருக்கு. இங்கிலாந்துல விக்கின்ஸ் 2012ல ஒரே கோடைல டூர் டி ஃப்ரான்ஸும் ஒலிம்பிக் தங்கமும் ஜெயிச்சார், அந்த வருஷ பிபிசி விளையாட்டு வீரர் விருதும் அவருக்குத்தான், அவரோட நீளக் கிருதாவை வெட்டி ஒட்டிக்கற மாதிரி பேப்பர்லயே அச்சடிச்சுக் குடுத்தாங்க. அடுத்து வந்த ஃப்ரூம் நாலு தடவை டூர் ஜெயிச்சார், அந்த விருது ஒரு தடவை கூட அவருக்கு வரல. மூஞ்சி, பேச்சு, நடந்த நேரம் எல்லாம் சேந்தாதான் பொது ஜனம் பேரை வெச்சுக்கும்னு நினைக்கறேன். எரித்ரியாவுல பினியம் கிர்மாய் 2024 டூர்ல 3 ஸ்டேஜும், அதிக பாயின்ட் எடுக்கறவருக்குக் குடுக்கற பச்சை ஜெர்சியும் ஜெயிச்சுட்டு தலைநகர் அஸ்மாரா போனப்ப தெருவே நெறஞ்சுது, அது ஏற்கனவே சைக்கிள் ரேஸ் பைத்தியம் பிடிச்ச ஊர். அதே கிர்மாய் 2022ல கென்ட்-வெவெல்ஹெம் ரேஸை ஜெயிச்சதும் இந்த ஃப்ளாண்டர்ஸ் மண்ணுலதான்.

சரி, ரிவ்யூக்கு வர்றேன். போறதுக்கு முன்னாடி ஒரு நாலு பேரைப் பத்தியாவது படிச்சுட்டுப் போங்க, மெர்க்ஸ், மியூசியோ, டாம் பூனென், லோட்டே கோபெக்கி போதும். கோபெக்கி பெண்கள் ரேஸை 2022, 2023, 2025னு மூணு தடவை ஜெயிச்சவர், அந்த ரேஸே 2004லதான் ஆரம்பிச்சுது, அங்க சின்னப் பொண்ணுங்களுக்கு அவர் பேரு அத்துப்படி. கதை தெரிஞ்சா ஒவ்வொரு ஜெர்சி முன்னாடியும் நிப்பீங்க, தெரியாம போனா சீக்கிரமே வெளிய வந்துடுவீங்க. குழந்தைங்களோட போறவங்களுக்கும் ஓகேதான்.

மியூசியத்தோட நிறுத்திடாதீங்க ப்ளீஸ். வாடகைக்கு சைக்கிள் எடுத்து மேட்டு ரோட்டுக்குப் போங்க, ரேஸ் ரூட்டுக்கு வழிகாட்டி போர்டு வெச்சிருக்காங்க. அவுடே க்வாரமோன்ட் 2200 மீட்டர், ஏற ஏற கல்லு பாவின ரோடு கையை உலுக்கி எடுத்துடும். பாட்டர்பெர்க் வெறும் 360 மீட்டர்தான், ஆனா சாய்வு 20 சதவீதம் வரைக்கும் போகும். அந்த ரோட்டுக்கே ஒரு கதை உண்டு, தன் வீட்டு வழியா ரேஸ் வரணுங்கற ஆசையில ஒரு விவசாயி எண்பதுகள்ல கல்லு பாவி வெச்சார்னு சொல்றாங்க, நெஜமாவே ரேஸ் வந்துடுச்சு! கோப்பன்பெர்க் 22 சதவீதம், 2024ல மழை பேஞ்சப்ப ப்ரொஃபஷனல்ஸே நெறைய பேர் எறங்கி சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனாங்க, அதனால நீங்க தள்ளினா வெக்கப்பட ஒண்ணுமில்ல. ரோடெல்லாம் பெயின்ட்ல வீரர்கள் பேரு எழுதியிருக்கும், அதையும் நின்னு படிங்க.

சாப்பாடு சதுக்கத்துல இருக்கற கஃபேங்கள்ல பாத்துக்கலாம், சைவம்னா சீஸ் க்ரோக்கெட், ஃப்ரைஸ் கெடைக்கும், கறி சாப்பிடறவங்க ஸ்டூஃப்ஃப்ளேஸ் கேளுங்க, பீர்ல வேக வெச்ச மாட்டுக்கறி. எந்தக் கஃபேல உக்காந்தாலும் பக்கத்து டேபிள்காரர்கிட்ட வவுட்டா மாத்தியூவானு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, பில் வர்ற வரைக்கும் பேச்சு ஓடும், மாத்தியூ வான் டெர் பூல் பக்கத்து நாடான நெதர்லாந்து ஆளு, ஆனா ரோன்டேயை 2020, 2022, 2024னு மூணு தடவை ஜெயிச்சவர், அதனால ரெண்டு பக்கமும் ஆளுங்க இருப்பாங்க.

ரேஸ் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஞாயித்துக்கிழமை, சில வருஷம் மார்ச் கடைசிக்கே வந்துடும், 2012ல இருந்து ஃபினிஷ் அவுடெனார்டேலதான். மியூசியத்தை நிதானமா பாக்கணும்னா அந்த வார இறுதியை விட்டுடுங்க, அதுக்கு முந்தின நாள் சனிக்கிழமை சாதா ஜனங்க ஓட்டற பெரிய ரைடும் இருக்கறதால ஊரே பிதுங்கும். கூட்டத்தைத்தான் பாக்கணும்னா அதே வார இறுதிக்கு ரூமை மாசக்கணக்குல முன்னாடியே புக் பண்ணிடுங்க, இல்லனா கென்ட்ல தங்கி காலைல ட்ரெயின்ல வந்துடுங்க.