அடுத்து எங்கே போகணும்? வடசென்னையில் ஒரு பேசாப் பிள்ளையும் நாங்களும்

வடசென்னையில் இரண்டரை வயதுப் பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்றால் வீட்டுக்கு முதலில் வருவது வசம்பு. அடுத்து, "இவங்க அப்பனும் மூணு வயசுலதான் வாயைத் தொறந்தான்" என்ற ஆறுதல். அப்புறம் ஒரு கோயில் வேண்டுதல். டாக்டர் வருவதற்குள் அரை வருஷம் ஓடிவிடும். தண்டையார்பேட்டையில் தம்பி வீட்டில் நான் போய் இறங்கியபோது முதல் மூன்றும் முடிந்திருந்தன.

எம்.சி. ரோட்டில் துணி எடுக்கணும், காசிமேட்டில் மீன் வாங்கணும் என்று போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் ஓரம் போய், இந்தப் பயணத்தின் பெரும்பகுதி தம்பி மகனோடும் அவன் அம்மாவோடும் ஓ.பி. சீட்டு வரிசையில்தான் கழிந்தது. நியூஜெர்சியில் என் சின்ன மகளுக்கு ஏறக்குறைய இதே வயதில் இதே மாதிரி உதவி தேவைப்பட்டது. அதனால் அங்கேயும் இங்கேயும் பார்த்ததை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

பிள்ளை சுறுசுறுப்பானவன். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. நம் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிரிட்ஜ் கைப்பிடியில் வைத்து விடுவான். தாய் சேய் நல அட்டையில் எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யணும் என்று படம் போட்டே அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை எங்கள் வீட்டில் யாரும் புரட்டியதில்லை. தடுப்பூசிப் பக்கம் மட்டும் மடிப்பு விழுந்து கிழியும் நிலையில் இருந்தது.

இந்த விஷயத்தில் வயது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதல் சில வருடங்களில் மூளை வளரும் வேகம் பின்னால் கிடையாது. அந்த நேரத்தில் கொடுக்கும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். ஆட்டிசமா, வேறு ஏதாவதா, வெறும் பேச்சுத் தாமதமா என்று பெயர் வைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பின்தங்கல் தெரிந்தாலே பயிற்சியைத் தொடங்கலாம். "பார்ப்போம், அஞ்சு வயசு ஆகட்டும்" என்று சொல்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி, ஸ்டெதாஸ்கோப் போட்டவராக இருந்தாலும் சரி, வேறு ஒருவரிடம் காட்டுங்கள்.

அரசாங்கத்தில் இதற்குத் திட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறது. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைபாடு இவற்றோடு வளர்ச்சித் தாமதமும் அதன் பட்டியலில் உண்டு. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் போகணும். சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பணும். குழந்தை மருத்துவர், பிசியோ, ஸ்பீச், உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் என்பதுதான் அந்த மையத்தின் அடிப்படை. கட்டணம் கிடையாது.

எங்கள் பிள்ளை ஏன் இந்த வலையில் சிக்கவில்லை? அவன் அங்கன்வாடிக்குப் போகவில்லை. தெருமுனையில் இருக்கும் அங்கன்வாடியைத் தாண்டித்தான் பிளே ஸ்கூலுக்கு ஆட்டோவில் போகிறான். கடன் வாங்கியாவது இங்கிலீஷ் மீடியம் என்பது எங்கள் பக்கத்து வைராக்கியம். அரசுக் குழு பிளே ஸ்கூலுக்கு வராது. பிளே ஸ்கூலோ, "வீட்ல தமிழ் பேசாதீங்க, குழந்தை கன்ஃபியூஸ் ஆகுது, அதனாலதான் பேசல" என்று சொல்லியிருக்கிறது. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்த தம்பி மனைவி, அதை நம்பிப் பிள்ளையிடம் "கம்", "சிட்", "ஈட்" என்று ஒற்றைச் சொல்லில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது. அம்மாவுக்குச் சரளமாக வரும் மொழியைப் பறித்துவிட்டால், பிள்ளை காதில் விழும் பேச்சே பாதியாகக் குறைந்துவிடும்.

பிள்ளைக்கு உடம்புக்கு என்றால் எங்கள் பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் அலைந்தோம். எது எங்கே என்று பிரித்துச் சொல்லப் போவதில்லை. ஓர் இடத்தில் குழந்தை மருத்துவர் நிதானமாகப் பார்த்தார். அவ்வளவு கூட்டத்திலும் தரையில் உட்கார்ந்து, சாவிக்கொத்தை ஆட்டி, அவன் கண்ணைத் தேடினார். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கணும் என்றார். சரியான வழி அதுதான். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது.

பெரா என்கிற அந்தக் காதுப் பரிசோதனைக்குப் பிள்ளை தூங்கணும். "காலைல சீக்கிரம் எழுப்பிவுடு, வர்ற வழில மட்டும் கொயந்தய தூங்க வுடாதம்மா" என்று அங்கிருந்த ஆயாம்மா சொல்லி அனுப்பினார். மெட்ரோவின் ஏசியில் இரண்டரை வயதுப் பிள்ளையைத் தூங்காமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது செய்தவர்களுக்குத் தெரியும். கன்னத்தைத் தட்டி, கால் கட்டைவிரலைக் கிள்ளி, தண்ணீர் தெளித்து ஒப்பேற்றினோம். அறைக்குள் போனதும் துரை முழு விழிப்பு. மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, கடைசியில் முடிந்தது. காது நன்றாகக் கேட்கிறது.

அதன் பிறகுதான் சிக்கலே. காது சரி, அடுத்து எங்கே? ரிப்போர்ட்டை வாங்கியவர் "பழைய டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். அவர் பார்ப்பது வாரத்தில் குறிப்பிட்ட நாளில். அவர் உளவியலாளருக்கு எழுதினார். அது வேறு கட்டடம். அங்கே தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியில் போனால் மதிப்பீடு செய்பவர் முகாமுக்குப் போயிருந்தார். ஸ்பீச் தெரபி அறை எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு மாடியைச் சொன்னார்கள். யாரும் எரிந்து விழவில்லை, காசு கேட்கவில்லை, தெரிந்த வேலையை ஒழுங்காகவே செய்தார்கள். ஆனால் ஒருவர் வேலை முடிகிற இடத்துக்கும் அடுத்தவர் வேலை தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் யாருமே இல்லை. அந்த இடைவெளியைத் தாய்தான் நடந்து கடக்கணும். இடுப்பில் பிள்ளை, கையில் ஜெராக்ஸ் கட்டு.

நியூஜெர்சியில் நான் உண்மையிலேயே அதிர்ஷ்டம் என்று நினைப்பது இந்த ஒன்றைத்தான். அமெரிக்காவில் 1986-இல் வந்த சட்டப்படி, பிறந்தது முதல் மூன்று வயது வரை வளர்ச்சி பின்தங்கிய குழந்தைக்கு ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை உண்டு. ஒரு போன் செய்தால், 45 நாளுக்குள் வீட்டுக்கு வந்து மதிப்பிட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் எழுதணும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் நம் பெயரில் இருப்பார். அடுத்து யார், எப்போது, எந்தப் படிவம் என்பது அவர் தலைவலி. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். வருமானத்துக்குத் தக்கபடி நாமும் கட்டணத்தில் பங்கு கட்டணும். மூன்றாவது பிறந்தநாள் கேக் வெட்டியதும் வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட் நின்றுவிடுவார். அப்புறம் பள்ளி நிர்வாகத்தோடு புதிதாகத் தொடங்கணும். தமிழ் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் எங்களுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

தண்டையார்பேட்டைப் பிள்ளைக்குத் தமிழ் பேசும் தெரபிஸ்ட் கிடைத்தார். அரசு இடத்தில் தேதி வருவதற்குள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன தனியார் மையத்தைக் கண்டுபிடித்தோம். மாடியில் ஒரே அறை, பாய், ஒரு ஊஞ்சல், பழைய மூடிகள் நிறைந்த டப்பா. சிகிச்சை கொடுத்த பெண் பிள்ளையைவிட அம்மாவைத்தான் அதிகம் கவனித்தார். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் முகத்துக்கு நேரே பிடிக்கணும். "பிஸ்கட்" என்று ஒருமுறை சொல்லணும். வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் அஞ்சு எண்ணணும். அவன் பார்த்தாலோ, கை நீட்டினாலோ, ஒரு சத்தம் வந்தாலோ உடனே கொடுத்துவிடணும். தம்பி மனைவி இரண்டு எண்ணுவதற்குள் கொடுத்துவிட்டாள். "அவசரப்படாதீங்க, அவனுக்கு நேரம் குடுங்க" என்றார் அவர். மறுபடியும் செய்தாள். நாலு எண்ணியிருப்பாள், பிள்ளை பாக்கெட்டை விட்டு அவள் முகத்தைப் பார்த்தான். சொல் எதுவும் வரவில்லை. ஆனாலும் அவளுக்குக் கை நடுங்கியது.

வீட்டில் இந்தப் பாடத்தைக் கெடுப்பது எங்கள் அம்மாதான். பேரன் கண்ணைச் சுழற்றினாலே தண்ணீர், முறுக்கு, போன் எல்லாம் கைக்கு வந்துவிடும்; அவன் எதற்காக வாயைத் திறக்கணும்? அடுத்த தடவை அம்மாவையும் அழைத்துப் போனோம். அந்தப் பெண் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "ஆயா, உங்களுக்குத் தெரிஞ்ச சாய்ந்தாடம்மா பாட்டைப் பாடுங்க, 'சாயக்கிளியே'ன்னு வர்ற இடத்துல பாதியில நிறுத்துங்க" என்றார் அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரே பெருமை. அன்றிலிருந்து வீட்டில் பாட்டு பாதிப் பாதியாகத்தான் கேட்கிறது.

அங்கே 45 நிமிடத்துக்கு 600 ரூபாய். வாரத்துக்கு மூன்று முறை ஸ்பீச் தெரபியும் ஓ.டி.யும் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தெரபி) என்றால் மணலியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் தம்பியின் சம்பளத்தில் பெரிய பங்கு போய்விடும். நல்ல பெயருள்ள, பல வருட அனுபவமுள்ள தொண்டு நிறுவனங்கள் சென்னையில் இல்லாமல் இல்லை. தி.நகரில் மதுரம் நாராயணன் மையம் 1989 முதல் சின்னக் குழந்தைகளுக்கு அம்மாக்களையும் கூட உட்கார வைத்தே பயிற்சி கொடுத்து வருகிறது. கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் 1985 முதல் இருக்கிறது. தரமணியில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம். மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில். பட்டியலைப் படிக்கும்போதே எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புரிந்திருக்கும்: எல்லாமே கூவத்துக்குத் தெற்கே. தண்டையார்பேட்டையிலிருந்து முட்டுக்காடு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். விம்கோ நகர் வரை மெட்ரோ 2021-இல் வந்தது பெரிய உபகாரம்; சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரம் மூன்று நாள் அந்தத் தூரம் போய்வர எந்த அம்மாவால் முடியும்? போகாமல் விட்ட வகுப்புக்கு அக்கறையின்மை என்று பெயர் வைக்கிறோம்.

அடுத்த சண்டை மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு. "அட்டை வாங்கிட்டா முத்திரை குத்தின மாதிரி" என்று தம்பி முரண்டு பிடித்தான். அவன் பயம் நியாயம்தான், ஆனால் கணக்கு வேறு. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் அதில் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் தற்காலிகச் சான்றிதழ்தான், பிறகு மறுபடி மதிப்பிடுவார்கள். அட்டை இருந்தால் மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவும் வரம்புக்குள் உண்டு. தகுதியிருந்தால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். பள்ளி வயது வந்தால் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கும் மாற்றுத்திறன் குழந்தைகள் விண்ணப்பிக்கலாம். இதையெல்லாம் எங்களுக்கு எந்தக் கவுன்ட்டரிலும் சொல்லவில்லை. காதுப் பரிசோதனை வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வியாசர்பாடி அம்மா ஒருவர் சொன்னார். அவருடைய மகளுக்கு ஏழு வயது. எந்த அலுவலகத்தில் எத்தனை போட்டோ, எத்தனை ஜெராக்ஸ் என்பது வரை அவருக்கு மனப்பாடம். அவரைப் போன்றவர்களைச் சம்பளம் கொடுத்து ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் உட்கார வைத்தால் பாதி அலைச்சல் குறையும் என்று தோன்றியது. பெரிய கட்டடம் எதுவும் அதற்குத் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து இந்த மாதிரி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. பெட்டி நிறைய சென்சரி பொம்மைகள் வாங்கிப் போகாதீர்கள். மூடி டப்பாவும் சாய்ந்தாடம்மாவும் போதும். அந்தக் காசை ஆட்டோவுக்கும் தெரபிக்கும் மாதாமாதம் அனுப்புங்கள். முடிந்தால் ஒரு நாள் அந்த அப்பாவையும் லீவு போட வைத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். என் தம்பி ஒரு காலை முழுக்க வரிசையில் நின்ற பிறகுதான் அட்டைக்குக் கையெழுத்துப் போட்டான்.

இப்போதைக்கு வாரம் இரண்டு தனியார் வகுப்பு, அரசு இடத்தில் அடுத்த மதிப்பீட்டுக்குத் தேதி, அட்டைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பிள்ளையை அங்கன்வாடிக்கு மாற்றுவதா என்பது மட்டும் நான் கிளம்பும்வரை முடிவாகவில்லை. தெருப் பிள்ளைகளோடு தமிழில் பழகட்டும் என்று தம்பி மனைவி சொல்கிறாள். கட்டிய ஃபீஸ் வீணாகிவிடும் என்கிறார் அம்மா. தம்பி இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுகிறான்.