இலவசக் கல்வி: இரண்டு கரையிலும் பாவித்துப் பார்த்தவள் சொல்வது

திருச்சியில் மூத்தவனுக்கு அரசாங்கம் தந்த காற்சட்டைக்குள் இரண்டு பிள்ளைகள் நிற்கலாம். ஆனாலும் தைத்த சீருடை, வருஷத்துக்கு 4 சோடி, கையில் ஒரு ரூபா வாங்கவில்லை. அகதி முகாமில் இருந்த காலத்தில் 2015 தொடக்கம் 2019 வரை அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படித்தான். பிறகு இலங்கைக்கு, எங்கள் ஊருக்கு வந்தோம். இளையவள் இப்போது யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் தரம் 4. இரண்டு நாட்டு அரசாங்கக் காசையும் பாவித்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இங்கே சீருடை துணியாகத்தான் வரும். தையற்கூலி என் தலையில். 2025க்கான துணி முழுவதும் சீனா தந்த நன்கொடை. அதை எங்கள் அரசாங்கத்தின் செலவில் சேர்ப்பதா விடுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சாப்பாட்டில் தமிழ்நாட்டை அடிக்க ஏலாது. 1956இல் காமராசர் தொடங்கியது, 1982இல் எம்.ஜி.ஆர். பெருப்பித்தது, என் மகன் காலத்தில் கிழமைக்கு 5 முட்டை. 2023 ஓகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலைச் சாப்பாடும் உண்டு. இன்னும் அங்கே இருக்கும் தங்கச்சி, தன் மகள் பொங்கலும் சாம்பாரும் சாப்பிடும் படத்தை எனக்கு அனுப்பி வயிறெரிய வைப்பாள். இங்கேயும் ஆரம்பப் பிரிவுக்குச் சாப்பாடு உண்டுதான். ஆனால் மகளின் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவவுக்குக் காசு பிந்திய மாதம், நான் விடிய எழும்பி இடியப்பம் அவித்தேன்.

படிப்பென்று வந்தால் கதை மாறும். மகன் படித்த இடத்தில் 5 வகுப்புக்கு 2 ஆசிரியர். மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் இருப்பார்கள். ஒரு வகுப்புக்குக் கணக்கு நடக்கும்போது மற்றவர்கள் படம் கீறுவார்கள். பாவம், அந்த ரீச்சர் சத்தம் போட்டே தொண்டை கட்டிப்போனவ. புத்தகம் மட்டும் அருமை. பருவத்துக்கு ஒன்றாகப் பிரித்துத் தந்ததால் பை பாரமில்லை. இங்கே 1980 முதல் புத்தகம் இலவசம், பாரமும் இலவசம். ஆனால் தரத்துக்கு ஒரு ரீச்சர் இருக்கிறா. என் மகள் 'ற'வையும் 'ர'வையும் எங்கே மாத்துவாள் என்று அவவுக்குத் தெரியும்.

வங்கியில் வேலை செய்யும் தம்பியுடன் இதைக் கதைத்தபோது வீதக் கணக்கோடு வந்தான்.

"அக்கா, இந்தியா நாட்டு வருமானத்தில 4 வீதமளவு படிப்புக்குப் போடுது. நாங்கள் 2 வீதமும் தாண்டுறேல்ல."

நானும் கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதுகிறவள். கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கள் நாட்டில் ஆளுக்கு வருமானம் வருஷம் சுமார் 4,000 டொலர் என்று வைத்தால் 2 வீதம் 80 டொலர். இந்தியாவில் சுமார் 2,500 டொலர். 4 வீதம் 100 டொலர். வீதத்தில் இரட்டிப்பு, காசில் 20 டொலர்தான் வித்தியாசம். அதிலும் பல்கலைக்கழகம் வரை எல்லாம் அடக்கம். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "அப்ப ரீச்சர்மாரின்ர சம்பளத்தைப் பார், அதுதான் எங்கட மலிவு." அதுக்கு என்னிடம் பதில் இல்லை. மகளின் ரீச்சர் பின்னேரத்தில் ரியூசன் எடுப்பது ஏன் என்று எனக்குத் தெரியும்.

அங்கே முகாமில்கூடக் கொஞ்சம் வசதி வந்தவர்கள் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். இங்கே 1960களின் தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பெடுத்த பிறகு, அநேகமாக எல்லாப் பிள்ளையும் அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். ஆனால் தனியார் செலவு வேறு வாசலால் உள்ளே வருகிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் காசு. ஏ4 தாள் கட்டு ஒன்று. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இப்போதே தொடங்கிவிட்ட வகுப்புக்கு மாதம் 2,500 ரூபா. சங்கக் காசு கட்டாயமில்லையாம். கட்டாதவர்களின் பெயரைக் கூட்டத்தில் வாசித்தார்கள்.

என் மதிப்பீடு: சாப்பாட்டுக்குத் திருச்சிக்கு 5 நட்சத்திரம், படிப்பித்தலுக்குச் சுன்னாகத்துக்கு 4. 'இலவசம்' என்ற சொல்லுக்கு இங்கே 2தான் போடுவேன். மகனிடம் கேட்டேன், இப்போது பெரிய பெடியன். "முட்டை நல்லா இருந்தது அம்மா" என்றான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வகுப்பு வட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது: நாளைக்கு மாதிரி வினாத்தாள், போட்டோக் கொப்பிக்கு 60 ரூபா, சில்லறையாக.