காகித வரைவா, ஃபிக்மாவா?

பயனர் இடைமுக வடிவமைப்பில், அதாவது செயலி, இணையதளத் திரைகளை வடிவமைப்பதில், பயிற்சிக்குச் சேர்வோர் முதல் வாரத்திலேயே இக்கேள்வியில் தடுமாறுகிறார்கள்: திரைகளைக் காகிதத்தில் வரைவதா, ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரைவதா?

செலவு: காகிதத்துக்குப் பென்சிலும் அழிப்பானும் போதும்; ஃபிக்மாவிலும் தொடக்கத்துக்கு இலவசக் கணக்கே போதுமானது.

கருத்துக் கேட்பு: கட்டணத் திரையொன்றை நான் இரண்டு நாள் மெருகேற்றி ஃபிக்மாவில் காட்டியபோது, பார்த்தவர்கள் பொத்தானின் நிறத்தைப் பற்றியே பேசினார்கள்; அதையே பென்சில் கோடுகளாகக் காட்டியதும், "முகவரியை ஏன் இரண்டு முறை கேட்கிறீர்கள்?" என்ற உருப்படியான கேள்வி எழுந்தது.

துல்லியம்: எழுத்துக்கும் பின்னணிக்கும் படிக்க வசதியாகக் குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் இருக்கிறதா, 'சமர்ப்பிக்கவும்' என்ற நீண்ட சொல் பொத்தானுக்குள் அடங்குகிறதா என்பதைக் காகிதத்தில் சரிபார்க்க இயலாது.

ஆயுள்: காகிதம் கூட்டம் முடிந்ததும் தொலைந்துவிடும், என்னுடையவை பெரும்பாலும் தேநீர்க் கறையோடு; ஃபிக்மா கோப்பு நிலைத்திருக்கும்.

ஆகவே, திரைகளின் வரிசை முடிவாகாதவரை காகிதமே ஏற்றது. அளவுகளை நிரலாளரிடம் ஒப்படைக்கும் கட்டத்தில் ஃபிக்மாவே பொருந்தும்.