துக்கடா பெட்டா, திடீர்ப் பெரிய பெட்டா: எதற்கு எப்படிப் பதில் சொல்வது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வேலை முடிந்து ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து, கைப்பேசியில் விளையாட்டுச் சில்லுக்குப் போக்கர் சீட்டாட்டம் ஆடும் கூட்டத்தில் இரண்டு விநோத பெட் அடிக்கடி வரும். பிளாப் (நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டு) விழுந்ததும், முன்பு ரெய்ஸ் செய்தவரை (பெட்டை உயர்த்தியவரை) முந்திக்கொண்டு பிளைண்டில் (சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாகச் சில்லு போடும் இடத்தில்) இருப்பவர் வைக்கும் துக்கடா பெட் ஒன்று. அதுவரை கால் (அடுத்தவர் பெட்டுக்குச் சமமாகப் போடுவது) மட்டுமே செய்தவர் ரிவரில் (கடைசி, ஐந்தாவது சீட்டில்) பாட்டைவிட (நடுவில் சேர்ந்த சில்லைவிட) பெரிதாகத் தள்ளுவது இன்னொன்று. இரண்டையும் "ஏமாத்துறான்" என்று ஒரே கணக்கில் போடுவதால்தான் சில்லு கரைகிறது.

முதலில் சின்னது. பிளைண்ட் 1/2, பாட் 20. உங்களிடம் ஏஸும் ராஜாவும். பிளாப்பில் ராஜா, 9, 4. அதில் இரண்டு ஆர்ட்டின். பிளைண்டில் இருப்பவர் 2 வைக்கிறார். பெரும்பாலும் இது ஐந்து ஆர்ட்டின் சேர்ந்து ஃப்ளஷ் ஆகக் காத்திருக்கும் கை, இல்லையென்றால் 9 ஜோடி. அடுத்த சீட்டை மலிவாகப் பார்க்க அவரே விலை குறிக்கிறார். வெறும் கால் செய்தால் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டீர்கள். 15ஆக உயர்த்துங்கள். அவர் மேலும் 13 போட்டால் பாட் 50. 26 சதவீத வாய்ப்பு இருந்தால்தான் அவருக்குக் கட்டுபடியாகும். டர்னில் (நான்காவது சீட்டில்) ஆர்ட்டின் விழ வாய்ப்பு அவர் பார்க்காத 47 சீட்டில் 9, அதாவது சுமார் 19 சதவீதம். ஆனால் மூன்றாவது ஆர்ட்டின் விழுந்த பிறகும் நீங்கள் அள்ளிக் கொடுத்தால் இந்தக் கணக்கு அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

பெரியது நேர்மாறு. ரிவரில் பாட் 40, அவர் 80 தள்ளுகிறார். நீங்களும் 80 போட்டால் மொத்தம் 200. பத்தில் நான்கு முறையாவது ஜெயித்தால்தான் முதல் தேறும். கால் செய்தே பழகிய ஆள் இந்த இடத்தில் அத்தனை முறை ப்ளஃப் (வெறும் கையோடு மிரட்டல்) செய்யமாட்டார். ஏஸ் துணையோடு ராஜா ஜோடி இருந்தாலும் மடக்கிவிடுங்கள். கைகூடாத ஃப்ளஷை வைத்துத் தள்ளி முன்பே பிடிபட்ட முரட்டு ஆள் என்றால் மட்டும் கால் செய்யலாம்.

டர்னில் உங்கள் 12ஐ அவர் 24 ஆக்கினால்? அளவு சின்னதுதான், ஆனால் பெரிய பெட்டைப் போலவே மதியுங்கள். இரண்டு ஜோடியோ மூன்று ஒரே சீட்டோ இருக்கும்.

எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துக் கை படிப்பதை நான் நம்புவதில்லை. செம்பனைத் தோட்டத்துக்குள் இணைய லைன் விழுந்தாலும் பத்து விநாடி போய்விடும். அளவைப் பாருங்கள். கை முடிந்ததும் அவர் பெயருக்குப் பக்கத்தில் "பிளைண்ட், பாட் 20, பெட் 2, காட்டியது 9 ஜோடி" என்று குறித்துவையுங்கள். "முரடு" என்று மட்டும் எழுதினால் அடுத்த வாரம் உதவாது.