300 மெகாபிட் இணைப்பும் பழைய மொடெமும்: ஆர்ச்சர் சி6 ரவுட்டர் பற்றிய மதிப்பீடு

கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டின் பைபர் இணைப்பை அண்மையில் 300 மெகாபிட் பொதிக்கு உயர்த்தினோம். மகனின் உயர்தர வகுப்பும் கனடாவில் இருக்கும் அக்காவின் காணொளி அழைப்பும் ஒரே மாலையில் நடக்கும் வீடு இது. கட்டணம் உயர்ந்தது, வேகம் உயரவில்லை. மடிக்கணினியை வயர் மூலம் மொடெமில் இணைத்து, கொழும்பிலுள்ள சேவையகத்தைத் தெரிவுசெய்து அளந்தபோது, காலையிலும் இரவிலும் 94 மெகாபிட்டே வந்தது.

வாடிக்கையாளர் சேவையில் லைன் சரியாக இருக்கிறது என்றார்கள். அது உண்மைதான். ஆனால், தாங்கள் தந்த மொடெம் அந்த வேகத்தைத் தாங்குமா என்பதைப் பொதியை விற்கும்போதே அவர்கள் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நெரிசல்தான் காரணம் என்றால் அளவு நேரத்துக்கு நேரம் மாறும். எப்போதும் 94இல் நிற்பது வேறொன்றைச் சொல்கிறது: 100 மெகாபிட் போர்ட் (வயரைச் செருகும் துளை) ஒன்றில், தரவுடன் சேர்ந்து செல்லும் முகவரித் தகவல்களுக்கான பங்கு போக, பயனருக்கு எஞ்சுவது ஏறத்தாழ அவ்வளவுதான். எங்கள் மொடெமின் பின்புறத்தில் இருந்த நான்கு லேன் போர்ட்டுகளில் முதலாவது மட்டுமே கிகாபிட், அதாவது 1000 மெகாபிட். மற்ற மூன்றும் 100 மெகாபிட். எங்கள் வயர் மூன்றாவதில் செருகப்பட்டிருந்தது. முதலாவதற்கு மாற்றியும் 94தான். அந்தப் பழைய வயரின் முனையில் நான்கு கம்பிகளே பொருத்தப்பட்டிருந்தன; 100 மெகாபிட்டுக்கு அது போதும், கிகாபிட்டுக்கோ எட்டுக் கம்பிகளும் வேண்டும். எட்டுக் கம்பிகளும் உள்ள புதிய கேட் 5ஈ வகை வயரைப் போட்டவுடன் 287 மெகாபிட் வந்தது.

வைஃபைக்கு இது தீர்வாகவில்லை. மொடெமில் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே உண்டு. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் மூன்றுதான், சுற்றியுள்ள எல்லா வீடுகளும் அவற்றையே பகிர்கின்றன. அதனால்தான் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 வாங்கினேன். அதன் போர்ட்டுகள் ஐந்தும் கிகாபிட். 5 கிகாஹேர்ட்ஸில் 867 மெகாபிட் வரை என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். அது சாதனங்களுக்கிடையிலான இணைப்பு வேகம். கைக்கு வருவது அதைவிடக் கணிசமாகக் குறையும். அப்படிக் குறைந்தும் மண்டபத்தில் கைபேசிக்கு 270 மெகாபிட் வரை கிடைக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் முகவரி வழங்கிக் குழப்பாமல் இருக்க, இதை முகவரி வழங்காமல் வைஃபை மட்டும் தரும் அக்சஸ் பொயின்ட் முறையில் அமைத்து, பழைய மொடெமின் வைஃபையை நிறுத்திவிட்டேன்.

வாங்குபவர்கள் ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். சி6க்குரிய ஏசி1200 என்ற அதே வைஃபை வேகக் குறியீட்டுடன் 100 மெகாபிட் போர்ட்டுகள் மட்டுமே கொண்ட ரவுட்டர்களும் விற்பனையில் உள்ளன. அவற்றில் ஒன்றை வாங்கினால் மீண்டும் 94இலேயே நிற்க நேரும். கடைக்காரரிடம் வைஃபை வேகத்தைக் கேட்பதோடு நிற்காமல், பெட்டியில் போர்ட்டுகளின் வேகத்தையும் வாசியுங்கள்.

குறை ஒன்று உண்டு. எங்களுடையது தடித்த சுண்ணாம்புக்கல் சுவர்களுள்ள பழைய நாற்சார் வீடு; 5 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரைக் கடப்பதில் பலவீனமானது என்பதால், இரண்டு சுவர்களுக்கு அப்பாலுள்ள மகனின் அறையில் 60 மெகாபிட்டுக்கு மேல் வருவதில்லை. அந்த அறைக்கு மட்டும் கூரையோரமாக ஒரு வயர் இழுத்திருக்கிறோம்.